பட்டர்வொர்த்தில் பாட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் மிருதங்கம்: ஜாமுலஸ் செட் பண்ணும் முறை

வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் இணையம் வழியே சேர்ந்து வாசிக்க உதவும் செயலி ஜாமுலஸ். வீடியோ மீட்டிங் செயலியில் ஒத்திகை வேண்டாம். அது பேச்சுக்குச் செய்தது, தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். அந்த இரைச்சல் நீக்கத்தை நிறுத்தி வைத்தாலும் தாமதம் போகாது.

சேர்ந்து வாசிக்க, ஒருவர் ஒலி மற்றவர் காதுக்கு 25-30 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். மேடையில் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிடும். பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்கும் கோலாலம்பூருக்கும் பட்டர்வொர்த் இருக்கும் பினாங்குக்கும் நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர்தான், ஃபைபரில் ஒளி அதை 2 மில்லி விநாடிக்குள் கடந்துவிடும். ஆக, தாமதம் பெரும்பாலும் நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

முதலில் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுங்கள். புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது, அது மட்டுமே நூறு மில்லி விநாடிக்கு மேல் தின்றுவிடும். அப்புறம் ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி. விலை குறைந்தது போதும், ஆனால் விண்டோஸ் என்றால் அந்தக் கம்பெனியின் சொந்த ஆசியோ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜாமுலஸ் இலவசம். செட்டிங்ஸில் பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவு) 128-இல் வையுங்கள், 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லி விநாடி. சத்தம் வெடிக்காவிட்டால் 64-க்கு இறக்கலாம். எல்லாருடைய ஒலியையும் கலந்து திருப்பி அனுப்பும் கணினிதான் சர்வர், பக்கத்தில் இருப்பதாகப் பார்த்துச் சேருங்கள்.

இனிமேல்தான் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டரை (உங்கள் ஒலியை நேராக உங்கள் ஹெட்போனுக்கே தரும் வசதி) அணைக்க வேண்டும். உங்கள் வாசிப்பை நேராகக் கேட்காமல், சர்வருக்குப் போய் மற்றவர்களோடு கலந்து திரும்பி வருவதைக் கேட்டு வாசிக்க வேண்டும். ஆரம்பத்தில் கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம் என்று எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நேர் ஒலியை நம்பினால் பாடுகிறவருக்காக நீங்கள் காத்திருப்பீர்கள், உங்களுக்காக அவர் காத்திருப்பார், பல்லவி முடிவதற்குள் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், இறங்கிப்போகும். மிருதங்கக்காரர்களுக்கு இது இன்னும் கஷ்டம், வாத்தியச் சத்தமே ஹெட்போனைத் தாண்டி வரும், அதனால் காதை முழுக்க மூடும் வகையே வாங்குங்கள்.

பின்சேர்க்கை: சென்னையில் இருப்பவரோடு முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கோலாலம்பூரிலிருந்து நேர்கோட்டிலேயே சுமார் 2,600 கிலோமீட்டர், அதற்கே 13 மில்லி விநாடி போய்விடும், கேபிளோ சுற்றித்தான் வருகிறது. துரித காலத்துக்கு ஆசைப்படாதீர்கள். தாளக்கட்டு இல்லாத விருத்தம், ஆலாபனை என்றால் தாராளமாகச் செய்யலாம், அதில் பின்தொடரும் வயலின் கொஞ்சம் தள்ளி வந்தாலும் யாருக்கும் உறுத்தாது.