'நன்றி' என்று சொல்லாமலே நன்றி சொல்லப் பழகுவது எப்படி: வீட்டில் தொடங்க ஒரு செய்முறை

போன வருடம் ஜூன் மாதம், பள்ளி திறந்த கையோடு, நானும் ஒரு 'நன்றி நோட்டு' வாங்கினேன். கெட்டி அட்டை, மேலே சூரியகாந்திப் பூ. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு மூன்று விஷயத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வீட்டில் சட்டமும் போட்டேன். முதல் நாள் எல்லோருக்கும் வெட்கம். இரண்டாம் நாள் சிரிப்பு. நான்காம் நாள், ஏழாவது படிக்கும் பையன் தட்டைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தான்: "சாதத்துக்கு நன்றி, சாம்பாருக்கு நன்றி, அப்பளத்துக்கு நன்றி." பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார், "என்னத்தா இது, அர்ச்சனை மாதிரி இருக்கு? தேங்காய உடைச்சிரலாமா?" என்றார். அந்த நோட்டில் இப்போது பால் கணக்கு எழுதுகிறோம்.

தப்பு பிள்ளைகள் மேல் இல்லை. நம் வீடுகளில் 'நன்றி' என்பது மேடைச் சொல். கல்யாண மண்டபத்து மைக்கில் கேட்கும், கடிதத்தின் கடைசி வரியில் இருக்கும். வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்ததும் "நன்றி" என்று சொல்லிப் பாருங்கள், "என்ன, எதும் கோபமா?" என்பார். கூடப்பிறந்தவளிடம் தேங்க்ஸ் சொன்னால், "எனக்கே தேங்க்ஸா? பிரிச்சுப் பாக்குறியா?" என்று சண்டைக்கே வருவாள்.

அதற்காக நம்மிடம் அந்த உணர்வு இல்லை என்று ஆகிவிடாது. மாமியாருக்கு முதுகில் தைலம் தேய்த்துவிட்டால், "நல்லா இருப்பத்தா, நீ தேச்சுவிட்டதும்தான் மூச்சே விட முடியுது" என்பார். நான் என்ன செய்தேன், அதனால் அவருக்கு என்ன ஆனது, இரண்டும் அதில் வந்துவிடுகிறது. 'நன்றி' மட்டும் வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஜூலையில் மறுபடி தொடங்கினேன். இந்த முறை பாதியில் நிற்கவில்லை. அதன் செய்முறைதான் கீழே.

படி 1: சாமான்கள்

தேதி கிழிக்கும் காலண்டர், ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பென்சில். அவ்வளவுதான். தினமும் கிழித்துப் போடும் தாளின் பின்பக்கம் எங்கள் காலண்டரில் காலியாக இருக்கும். தேதி முன்னாலேயே அச்சாகியிருப்பதால் தனியாக எழுத வேண்டியதில்லை. சில காலண்டர்களில் பின்னால் கை வைத்தியக் குறிப்பு இருக்கும். அப்படியென்றால் பழைய நோட்டுத் தாளைக் கால் பக்கமாக வெட்டிக்கொள்ளுங்கள். புதிதாக எதுவும் வாங்காதீர்கள். அழகான நோட்டு என்றால் அதில் அழகாகத்தான் எழுத வேண்டும் என்று ஒரு பயம் வந்துவிடுகிறது.

படி 2: வாரம் ஒரு நாள் போதும்

என் முதல் தவறு, தினமும் செய்யச் சொன்னது. கலிஃபோர்னியாவில் சோனியா லுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் குழு ஆறு வாரம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. தங்களுக்குக் கிடைத்த நல்லதை வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மனநிறைவு கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. தினமும் பாயசம் வைத்தால் யாருக்கும் திகட்டும்.

ஏற்கெனவே வீட்டில் நடக்கிற ஒரு வேலையோடு சேர்த்து முடிச்சுப் போடுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவு தோசை. மாவு இருக்கும் வரை எல்லோரும் அடுப்படியைச் சுற்றியே இருப்பார்கள், அதனால் அந்த நேரம். மொத்தம் பத்து நிமிடம். போன்கள் அந்தப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜ் மேலே. முக்கியமாக அப்பா, அம்மா போன்கள்.

படி 3: சீட்டில் என்ன எழுதுவது

காலண்டர் தாள்தான் சீட்டு. ஆளுக்கு ஒன்றே ஒன்று, எழுதிப் படித்துவிட்டு பாட்டிலில் போட வேண்டும். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: யார், என்ன செய்தார், அதனால் எனக்கு என்ன ஆனது. 'நன்றி' என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் தடை. விளையாட்டுக்குப் போட்ட விதிதான், ஆனால் அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. அந்தச் சொல் கையில் இல்லாததால், நடந்ததைச் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது.

முதல் வாரம் பையன் எழுதியது: "அம்மா எல்லாம் செய்றாங்க." இது செல்லாது என்று திருப்பிக் கொடுத்தேன். 'எல்லாம்' என்று எழுதினால் எதையும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். கொஞ்சம் முனகிவிட்டு, அடுத்து எழுதியது: "செவ்வாய்க்கிழமை அப்பத்தா நாலரை மணிக்கு எழுந்து தண்ணி பிடிச்சாங்க. நான் ஸ்கூலுக்கு குளிச்சுட்டுப் போனேன்."

எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. பத்து வருடமாக மாமியார்தான் எழுந்து பிடிக்கிறார். மோட்டார் ஓடும் சத்தம், குடம் நிறையும்போது மாறுகிற அந்த ஓசை, எல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்கும், திரும்பிப் படுத்துவிடுவேன். அவன் எழுதியதைப் படிக்கும்வரை அதை ஒரு வேலையாக நானே நினைத்ததில்லை. சீட்டைக் கேட்டுவிட்டு மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு மட்டும் தோசையில் நெய் கூடுதலாக விழுந்தது.

எழுதத் தெரியாதவர்கள், கண் தெரியாதவர்கள் இருந்தால் சொல்லச் சொல்லுங்கள், வீட்டின் கடைக்குட்டி எழுதட்டும். எங்கள் வீட்டில் மாமியார் சொல்ல, இரண்டாவது படிக்கும் சின்னவள் எழுதுகிறாள். அவளுக்கு அது ஒரு டிக்டேஷன். 'தன்ணி' என்று எழுதுவாள், 'வெளக்கமாரு' என்று எழுதுவாள். சீட்டில் இருக்கும் பிழையைத் திருத்தாதீர்கள். சிவப்புப் பேனா ஒருமுறை உள்ளே வந்தால் அதுவும் வீட்டுப்பாடம் ஆகிவிடும். அந்த வார்த்தை வேறொரு நாள் வேறு எங்காவது வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: தினமும் ஒரு கேள்வி

சீட்டு வாரம் ஒருமுறைதான். ஆனால் தினமும் சாப்பிடும்போது ஒரு கேள்வி உண்டு. "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடத்துனாங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும், எந்த வீட்டிலும். நான் கேட்பது: "இன்னைக்கு யாரு உனக்கு எதைச் சொல்லிக் கொடுத்தாங்க?" டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நண்பன், வேன் அண்ணன், யூடியூப், யாராக இருந்தாலும் சரி.

இந்தக் கேள்வியில் இரண்டு காரியம் நடக்கிறது. சொல்லிக் கொடுத்தவரை நினைக்க வேண்டும், அது ஒன்று. சொல்லிக் கொடுத்ததையும் நினைவிலிருந்து எடுக்க வேண்டும், அதுதான் படிப்புக்கு உதவுவது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பாடத்தைப் படித்தபின், ஒரு பகுதியை மறுபடி படித்தார்கள், இன்னொரு பகுதியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்ததுதான் நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: நினைவிலிருந்து எழுதியதில் 56 விழுக்காடு மிஞ்சியது, மறுபடி படித்ததில் 42. புத்தகத்தை மூடிவிட்டு யோசிப்பதற்கு அவ்வளவு பலன். சாப்பாட்டுத் தட்டின் முன் புத்தகம் எப்படியும் மூடித்தானே இருக்கிறது?

ஒரு நாள் பையன் சொன்னான், பக்கத்தில் உட்காரும் பையன் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கச் சொல்லிக் கொடுத்தானாம். எப்படி என்று கேட்டேன். தலைகீழாக்கிப் பெருக்கணும் என்றான். ஏன் என்று கேட்டேன். முழித்தான். அப்புறம் தட்டில் இருந்த தோசையைப் பாதியாகப் பிய்த்தான். "இது அரை. இதுக்குள்ள கால் தோசை எத்தனை இருக்கு? ரெண்டு. அரையைக் காலால வகுத்தா ரெண்டு." அவனுக்கே அப்போதுதான் புரிந்தது என்று முகத்தில் தெரிந்தது.

மாமியார் விடவில்லை. "இதுக்கா ராசா பள்ளிக்கூடம்? காலுக்குள்ள ரெண்டு அரைக்கால், அரைக்காலுக்குள்ள ரெண்டு மாகாணி. நாங்க புளி நிறுக்கையில பாத்தது." அவன் விரல் விட்டு எண்ணி, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று என்று கண்டுபிடித்தான். அந்த ஞாயிறு சீட்டில் அப்பத்தாதான் வந்தார்.

பதில் வராத நாளும் உண்டு. அன்றைக்கு நீங்கள் சொல்லுங்கள். எனக்கு அலுவலகத்தில் ஒரு இளம் பெண் எக்செலில் ஏதோ ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தாள் என்று நான் சொன்ன அன்று, அம்மாவுக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது என்பதில் சின்னவளுக்கு ஒரே குஷி.

படி 5: பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் எழுதும்போது

இங்கேதான் பெற்றோர் வழுக்கி விழுகிறோம். "என் பொண்ணு கெட்டிக்காரி" என்று எழுதாதீர்கள். க்ளாடியா முல்லர், கேரல் ட்வெக் என்ற உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். அதில் தோற்றபின், புத்திசாலி என்ற பட்டம் வாங்கியவர்களுக்குத் தொடர்ந்து செய்யும் ஆசை குறைந்தது, அடுத்து வந்த புதிர்களையும் முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். பட்டத்தைக் காப்பாற்றுகிற கவலை அவர்களுக்கு.

சீட்டின் விதி இங்கும் அதேதான்: என்ன செய்தாள், என்ன ஆனது. "புதன்கிழமை 'ழ' சரியா வரலைன்னு மூணு தடவ அழிச்சு எழுதின. நாலாவது 'ழ' போஸ்டர்ல இருக்கிற மாதிரி இருந்துச்சு." மார்க்கைப் பற்றி எழுதாதீர்கள். மார்க் ஏற்கெனவே போதுமான கவனம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

படி 6: இதை வாயை அடைக்கப் பயன்படுத்தாதீர்கள்

பிள்ளை அழுதுகொண்டு வருகிறது, நாம் சொல்கிறோம்: "உனக்கு என்ன குறை? சோத்துக்கு இல்லாத பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?" நான் கேட்டு வளர்ந்த வசனம், நானும் சொல்லியிருக்கிறேன். அதனால் பிள்ளைக்கு நன்றியுணர்வு வராது. இங்கே வருத்தத்தைச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் அது நன்றாகக் கற்றுக்கொள்ளும். மோசமான வாரத்தில் வெறும் சீட்டைப் போடலாம் என்று எங்கள் வீட்டில் விதி இருக்கிறது. பாட்டிலில் அப்படி ஏழெட்டு வெள்ளைத் தாள்கள் கிடக்கின்றன. இரண்டு என்னுடையவை.

இது எவ்வளவு தூரம் உதவும் என்பதிலும் நிதானம் வேண்டும். ஜெஃப்ரி ஃப்ரோ என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 221 பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு வாரம் தங்களுக்குக் கிடைத்த நல்லதை எழுதியவர்களுக்கு, எரிச்சலை எழுதியவர்களைவிடப் பள்ளி மேல் திருப்தி கூடுதலாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் 2021இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இந்தப் பயிற்சிகளால் கிடைக்கும் பலன் சிறியது என்றே சொன்னார்கள். பிள்ளை வாரக்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பள்ளி என்றாலே வயிற்றுவலி என்கிறது என்றால் சீட்டு எழுத வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலும் பேசலாம். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆபத்து என்றால் 1098.

படி 7: பாட்டிலைத் திறப்பது

நாங்கள் சரஸ்வதி பூஜை அன்று திறக்கிறோம். புத்தகத்துக்கும் அரிவாள்மனைக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைக்கிற நாள், அதோடு இதுவும் பொருந்தியது. ஒவ்வொருவராகக் கையை விட்டு எடுத்துப் படிக்க வேண்டியதுதான். வீட்டுக்கு வெளியே உள்ளவர்களைப் பற்றிய சீட்டுகளைத் தனியாக எடுத்து வைத்து, அவரவரிடம் கொடுத்துவிடுவோம். வேன் அண்ணனுக்கு மட்டும் மூன்று இருந்தன. கொடுக்கும்போது கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்குத்தான் கூச்சம். அவர் நின்று நிதானமாக மூன்றையும் படித்துவிட்டு, இரண்டாவது சீட்டில் அவர் பெயரை யார் தப்பாக எழுதியது என்று கேட்டார்.

தொடங்குகிறவர்கள் முதல் மாதம் படி 1, 2, 3 மட்டும் செய்தால் போதும். மற்றது தானாக வரும், வராவிட்டாலும் நட்டமில்லை. என் வீட்டுக்காரர் இன்னும் "ரசம் நல்லா இருந்துச்சு" என்று எழுதித் தப்பிக்கப் பார்க்கிறார், சின்னவள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். போன ஞாயிறு அவள் அவரைப் பற்றி எழுதியது இது: "அப்பா பல்பு மாத்தினார். இப்ப ராத்திரி பாத்ரூம் போக பயம் இள்ளை."