கருப்பைக்குள் ‘கொலையாளி’ செல்கள்: பயத்தில் செய்யும் தவறுகள்

லேப் ரிப்போர்ட்டில் ‘என்.கே. செல் அதிகம்’ என்று ஒரு வரி. மொபைலில் தேடினால் ‘நேச்சுரல் கில்லர்’ என்று விரிவாக்கம் வருகிறது. இரண்டு முறை கரு கலைந்த பெண்ணுக்கு அதற்கு மேல் படிக்க மனசு வருமா? குழந்தையைக் கொல்வது தன் உடம்புதான் என்று முடிவு கட்டிவிடுவார்.

முதல் தவறு அதுதான். பாதிப் பழி பெயர் வைத்தவர்களுக்குப் போக வேண்டும் என்பேன். என்.கே. என்பது நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை. ரத்தத்தில் ஓடும் என்.கே. செல் வேறு, கருப்பையின் உட்படலத்தில் குடியிருப்பது வேறு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அந்தப் படலத்தில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்களில் சுமார் 70 சதவீதம் இவைதான். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் பாயும்படி தாயின் ரத்தக் குழாய்கள் அகலவும் இவை உதவுகின்றன. கையில் குத்தி எடுத்த ரத்தம் இதையெல்லாம் சொல்லாது. அந்த ஒரு எண்ணை நம்பி எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு, கொழுப்புக் கரைசலை நரம்பில் ஏற்றும் இன்ட்ராலிப்பிட் டிரிப் என்று செலவில் இறங்கும் முன் இன்னொரு மகப்பேறு மருத்துவரையும் கேட்டுவிடுங்கள்.

இந்தச் செல்கள் செய்யும் வேலை விசித்திரமானது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா நம் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும். பொதுவாகக் கொல்லிச் செல்கள் அப்படிப்பட்ட செல்லையே அழித்துவிடும். நஞ்சுக்கொடியில் அதைச் செய்தால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. 2020-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். கருப்பை என்.கே. செல், நஞ்சுக்கொடிச் செல்லை நோக்கி மெல்லிய நானோ குழாயை நீட்டி, கிரானுலைசின் என்ற புரதத்தை உள்ளே செலுத்துகிறது. பாக்டீரியா சாகிறது, செல் பிழைக்கிறது. எலிகளுக்கு இந்தப் புரதம் இயல்பில் கிடையாது. அதற்கான மரபணுவைப் புகுத்திய சினை எலிகளில், லிஸ்டீரியா தொற்றினாலும் கரு இழப்பு குறைந்தது.

‘அதான் காவல் இருக்கே’ என்ற அலட்சியம் அடுத்த தவறு. கிருமி அளவுக்கு மீறி வந்தால் எந்தக் காவலும் திணறும். லிஸ்டீரியா ஃபிரிட்ஜின் 4 டிகிரி குளிரிலும் பெருகும். நேற்றைய குழம்பை வெதுவெதுப்பாக்கி ஊற்றிக்கொள்ளாதீர்கள், நடுவிலும் ஆவி பறக்கக் கொதிக்க வேண்டும். காய்ச்சாத பாலும் அதில் செய்த சீஸும் வேண்டாம். தாய்க்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியுமாகப் போகும் இந்தத் தொற்று, கருவைக் கலைத்துவிடவும் கூடும். கஷாயம் குடித்துப் பார்ப்போம் என்று மூன்று நாள் தள்ளாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

‘எதிர்ப்பு சக்தி கூட்டும்’ பொடி, மாத்திரைகளைக் கேட்காமல் விழுங்குவதும் வேண்டாத வேலை.

தடுப்பூசியில் இரு பக்கமும் தவறு நடக்கிறது. டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசியைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அந்த ஊசியால் தாய்க்கு உண்டாகும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து, பிறக்கும் குழந்தையை டெட்டனஸிலிருந்து காக்கிறது. செயலிழக்கச் செய்த கிருமியால் ஆன ஃப்ளூ ஊசியும் கர்ப்பத்தில் போடத்தக்கதே. மறுபக்கம், கர்ப்பத்தில் போடக் கூடாதவையும் உண்டு: எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா), சின்னம்மை ஊசிகள் உயிருள்ள கிருமியைக் கொண்டவை. அவற்றைக் கருத்தரிக்க ஒரு மாதம் முன்பாவது போட்டு முடித்திருக்க வேண்டும்.