பலர் பயன்படுத்தும் சி லைப்ரரி: சறுக்கும் இடங்கள்

ஒரே சி லைப்ரரியை நான்கைந்து புராஜெக்ட்கள் பங்கிட்டுக்கொள்ளும்போது தவறுகள் இரண்டு ரகமாகப் பிரிந்துவிடுகின்றன. சோர்ஸ் ஃபைலுக்குள் இருக்கும் தவறை நீங்கள் ஒருவரே உட்கார்ந்து திருத்திவிடலாம். மற்றவர்கள் தங்கள் கோடில் இழுத்துக்கொள்ளும் அறிவிப்புகள் உள்ள ஹெடர் ஃபைலில் இருப்பதைத் திருத்த வேண்டுமானால், அதைச் சேர்த்துக்கொண்ட அத்தனை பேரும் மெனக்கெட வேண்டும். நாம் கவலைப்படுவதெல்லாம் முதல் ரகத்தைப் பற்றி. மாட்டிக்கொள்வது இரண்டாவதில்.

முதல் ரகத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ‘லாங்’ என்ற எண் வகை எட்டு பைட் என்று நம்புவது பழைய வியாதி. 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். அளவு முக்கியமான இடத்தில் சி99 தந்த இன்ட்32_டி, இன்ட்64_டி வகைகளைப் போடுங்கள், போதும்.

‘சார்’ இன்னும் விஷமக்காரன். (மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், டேட்டா டைப்பைச் சொல்கிறேன்.) அது எதிர்ம எண்களை ஏற்குமா இல்லையா என்பதைத் தரநிலை கம்பைலரிடமே விட்டுவிட்டது. இன்டெல் லினக்ஸில் வழக்கமாக −128 முதல் 127 வரை, ஏஆர்எம் லினக்ஸில் 0 முதல் 255 வரை. ஒரு எழுத்தைப் படிக்கும் கெட்சார் ஃபங்ஷன் தருவதை ஒரு சார் மாறியில் வாங்கி, இஓஎஃப் (உள்ளீடு முடிந்தது என்ற அடையாளம்) வந்தால் நிற்கும் லூப் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். மேஜைக் கணினியில் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஏஆர்எம் போர்டில் ஏற்றிய அன்று நிற்கவே இல்லை. இஓஎஃப்பின் −1, மாறிக்குள் போனதும் 255 ஆகிவிட்டிருந்தது. ஒரு நாள் முழுக்க சீரியல் கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கெட்சார் திருப்பித் தருவது இன்ட் என்று மேனுவலில் தெளிவாகவே எழுதியிருக்கிறது.

பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் ஸ்ட்ரக்டை அப்படியே எஃப்ரைட் ஃபங்ஷன் போட்டு ஃபைலில் எழுதுவதும் இதே குடும்பம்தான். ஒரு சார், அதையடுத்து ஒரு 32 பிட் எண். கூட்டினால் 5 பைட், ஆனால் பெரும்பாலான கணினிகளில் 8 பைட் பிடிக்கும். நடுவில் உள்ள இடைவெளியும், எண்ணின் பைட் வரிசையும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறலாம். ஒவ்வொரு பைட்டாக ஷிஃப்ட் செய்து எழுதுங்கள், படியுங்கள். அப்படிச் செய்தால் இயந்திரத்தின் பைட் வரிசை என்ன என்று விசாரிக்கவே தேவையில்லை, இயந்திரத்துக்கேற்பக் கோடைப் பிரிக்கும் இஃப்டெஃப் ஒன்று கூட வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: அன்சைன்ட் சார் பைட்டை 24 இடம் நகர்த்தும் முன் எதிர்ம எண் இல்லாத 32 பிட் வகையான யுஇன்ட்32_டி ஆக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது முதலில் இன்ட் ஆகிவிடும். பைட்டின் மதிப்பு 128ஐத் தொட்டால், 32 பிட் இன்ட்டில் என்ன நடக்கும் என்பதற்கு மொழி உத்தரவாதம் தராது.

சரி, இனி ஹெடர்.

ஸ்ட்ரக்டின் உள்ளடக்கத்தை ஹெடரில் திறந்து வைப்பதுதான் எனக்குத் தெரிந்து ஆகப் பெரிய தவறு. இன்று ஆறு ஃபீல்டு. அடுத்த வருடம் ஏழாவதைச் சேர்க்கிறீர்கள். பழைய ஹெடரோடு கம்பைல் ஆன புரோகிராம் ஸ்டேக்கில் ஆறுக்குத்தான் இடம் ஒதுக்குகிறது. புது லைப்ரரியோ ஏழாவதையும் நிரப்புகிறது. கம்பைலர் வாய் திறக்காது, லிங்கரும் திறக்காது. சம்பந்தமே இல்லாத ஒரு மாறி கெட்டுப்போய், எங்கோ தொலைவில் புரோகிராம் விழும். ஸ்ட்ரக்டைத் திறந்தே வைத்திருக்கும் இசட்லிப் என்ற தரவுச் சுருக்க லைப்ரரி இதற்கு ஒரு காவல் போட்டிருக்கிறது. அதன் தொடக்க மேக்ரோக்கள், பயனர் கம்பைல் செய்த பதிப்பு எண்ணையும் ஸ்ட்ரக்டின் அளவையும் சேர்த்தே உள்ளே அனுப்புகின்றன. பொருந்தாவிட்டால் வேலை தொடங்கும் முன்பே பிழை வந்துவிடும். புதிதாக எழுதுபவர்களுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. ஹெடரில் ஸ்ட்ரக்டின் பெயரை மட்டும் அறிவித்துவிட்டு, உருவாக்க ஒன்று, அழிக்க ஒன்று, படிக்க, மாற்ற என ஃபங்ஷன்களை மட்டும் கொடுங்கள். இணையத் தரவுப் பரிமாற்றத்துக்கான லிப்கர்ல் லைப்ரரி இந்தப் பாணிதான். கைக்குக் கிடைப்பது ஒரு ஹேண்டில், உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர்கள் பாடு. யூனிக்ஸ் பக்கம் 2006லிருந்து அதன் பைனரி எண் (பழைய புரோகிராம்களோடு பொருந்தாமல் போகும்போது ஏற்றும் எண்) 4லேயே நிற்கிறது.

ஃபீல்டே மாறாமலும் ஸ்ட்ரக்டின் அளவு மாறும், அது அடுத்த கண்ணி. 32 பிட் லினக்ஸில் ஃபைலுக்குள் இடத்தைக் குறிக்கும் ஆஃப்_டி, நேரத்தைக் குறிக்கும் டைம்_டி இரண்டின் அளவும் கம்பைல் செய்பவர் கொடுக்கும் மேக்ரோக்களைப் பொறுத்தது. லைப்ரரியை 8 பைட்டோடும் புரோகிராமை 4 பைட்டோடும் கட்டினால் இருவரும் ஒரே ஹெடரை வேறு வேறு அர்த்தத்தில் படிக்கிறார்கள். 32 பிட் நொடிக் கணக்கு நிரம்பிவிடும் 2038 சிக்கலுக்காக, டெபியன் என்ற லினக்ஸ் வினியோகம் 2024இல் 32 பிட் ஏஆர்எம் பக்கம் டைம்_டியை 64 பிட்டாக்கியபோது, ஏராளமான லைப்ரரி பேக்கேஜ்களின் பெயருக்குப் பின்னால் டி64 என்று வால் ஒட்ட வேண்டியிருந்தது. வெளியே தெரியும் ஃபங்ஷன்களில் இன்ட்64_டி போட்டுவிட்டால் இந்தத் தலைவலி வராது. கட்டும்போதைய அமைப்புகள் உள்ள உங்கள் கான்ஃபிக் ஹெடரைப் பொது ஹெடருக்குள் இழுப்பதும் இதே காரணத்துக்காகக் கூடாது.

அப்புறம் பெயர்கள். முன்னொட்டு இல்லாமல் மின், டிபக் என்றெல்லாம் வைத்தால் என்றைக்காவது யாரோடாவது மோதும், மேக்ரோவானால் இன்னும் மோசமாக. 2023இல் லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி 2.38, எழுத்துச் சரத்தை நகலெடுக்கும் எஸ்டிஆர்எல்சிபிஒய் ஃபங்ஷனைச் சேர்த்துக்கொண்டது. அதே பெயரில் சொந்தமாக ஒரு ஸ்டாட்டிக் ஃபங்ஷன் வைத்திருந்த கோடு கம்பைலரில் முட்டி நின்றது. சி23 தரநிலையில், உண்மை/பொய் வகையான பூல் கீவேர்டாகிவிட்டது. ஜிசிசி 15 கம்பைலர் அந்தத் தரநிலையையே இயல்பாக எடுத்துக்கொள்வதால், சொந்தமாக பூல் என்று டைப்டெஃப் செய்திருக்கும் பழைய ஹெடர்கள் அதில் கம்பைல் ஆகாது. பெயர் முதலில் நம்முடையதாக இருந்தது என்று வாதாடிப் பயனில்லை. மூன்றெழுத்து முன்னொட்டு ஒன்றை முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

நினைவகத்தை யார் விடுவிப்பது என்று சொல்லாமல் விடுவதும் அடிக்கடி நடக்கும். விண்டோஸில் டிஎல்எல்லும் (ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரி) புரோகிராமும் வேறு வேறு சி ரன்டைமோடு கட்டப்பட்டிருக்கலாம். ஒன்று மாலாக் செய்ததை (ஒதுக்கியதை) மற்றது ஃப்ரீ செய்தால் (விடுவித்தால்) ஹீப் எனும் அந்த நினைவகப் பகுதி குழம்பிவிடும். லைப்ரரியே ஒரு ஃப்ரீ ஃபங்ஷனைக் கொடுக்கட்டும்.

லைப்ரரியை ஒவ்வொரு புராஜெக்டுக்குள்ளும் காப்பி எடுத்து அங்கங்கே ஒட்டுப் போடும் பழக்கம் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. ஆறு மாதத்தில் நான்கு லைப்ரரிகள் ஆகிவிடும், எதில் எந்தத் திருத்தம் என்று எவருக்கும் தெரியாது.

சோதனையில் நடக்கும் தவறு, ஒரே கம்பைலரை ஒரே இயந்திரத்தில் ஓட்டிவிட்டுத் திருப்தியடைவது. −வால் என்ற கம்பைலர் ஆப்ஷனின் பெயரைப் பார்த்து எல்லா எச்சரிக்கைகளும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், வகை மாற்றங்களைப் பற்றி எச்சரிக்கும் −டபிள்யூகன்வெர்ஷன் அதில் கிடையாது. கிளாங் என்ற மற்றொரு கம்பைலரிலும் கட்டிப் பாருங்கள், ஓடும்போதே தவறுகளைப் பிடிக்கும் சானிடைசர்களைப் போட்டு ஓட்டுங்கள், வேறு இயந்திரங்களைப் போல நடிக்கும் கியூஇஎம்யூவில் எஸ்390எக்ஸ் மாதிரி பைட் வரிசை தலைகீழான ஒரு இயந்திரத்தில் ஒருமுறை சோதியுங்கள். அதோடு ஒவ்வொரு பொது ஹெடரையும் தனியாக, வேறு எதுவும் இல்லாத ஒரு ஃபைலில் சேர்த்து, சி ஆக ஒருமுறை, சி பிளஸ் பிளஸ் ஆக ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். என் ஹெடர் ஒன்றில் ஒரு பாராமீட்டருக்கு, சி பிளஸ் பிளஸில் கீவேர்டான ‘நியூ’ என்று பெயர் வைத்திருந்தது அப்படித்தான் வெளியே வந்தது.