வடக்கு ஆல்பர்ட்டா எண்ணெய் வயலில் டேங்கர் வேலை: முதல் லோடு ஏற்றி இறக்குவது எப்படி?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபாக்ஸ் கிரீக், ரெட் எர்த் கிரீக், ரெயின்போ லேக் என்று வடக்கே போகப் போக ஊர்கள் குறைந்து காடு கூடும். அந்தக் காட்டுக்குள் குழாய் போடாத கிணறுகளிலிருந்து கச்சா எண்ணெயையும், அதோடு ஏறிவரும் உப்புத் தண்ணீரையும் டேங்கர்கள்தான் அள்ளிவருகின்றன. கனரக வண்டி ஓட்டிப் பழகியவருக்குப் பனி ரோடு ஒரு குளிர்காலத்தில் பிடிபட்டுவிடும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது வண்டி நின்ற பிறகு, ஹோஸைக் கையில் எடுக்கும்போதுதான். அதனால் இங்கே அந்தப் பகுதிக்கே இடம் அதிகம்.

கையில் இருக்க வேண்டியவை

ஏர் பிரேக்குடன் கிளாஸ் 1 லைசென்ஸ், ஆபத்தான சரக்கு கையாளும் பயிற்சிச் சான்று, ஹைட்ரஜன் சல்பைடு வாயு பற்றிய ‘எச்2எஸ் அலைவ்’ சான்று. பின்னிரண்டும் 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை. தீப்பிடிக்காத மேலாடைக்கு உள்ளே நைலான் பனியன் வேண்டாம். சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தாடியையும் எடுத்துவிடுங்கள். வாயுவிலிருந்து காக்கும் மாஸ்க்கின் விளிம்பு முகத்தில் படியாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘இப்போ நாத்தம் இல்லையே’ என்று நினைப்பதுதான் பொறி. சட்டையில் மாட்டும் வாயு மானிட்டர் வழக்கமாக 10 பிபிஎம்மில் கத்தும். கத்தினால் காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

புறப்படும் முன்

மைனஸ் 35 டிகிரியில் எஞ்சின் பிளாக் ஹீட்டரை சில மணி நேரம் முன்பே சொருக வேண்டும். ஏர் டேங்குகளில் சேர்ந்த தண்ணீரைத் தினமும் வடியுங்கள். அது லைனில் உறைந்தால் பிரேக் விடாது. பிரேக் ஷூ டிரம்மோடு உறைந்து ஒட்டியிருக்கலாம். அதனால் கிளம்பியதும் பத்தடி உருட்டி, எல்லாச் சக்கரமும் சுற்றுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சுற்றாமல் இழுபடும் டயர் சில கிலோமீட்டரில் தட்டையாகத் தேய்ந்து வெடிக்கும்.

எஞ்சினுக்குக் காற்று போவதை அடைக்கும் வால்வையும் சோதித்துவிடுங்கள். எண்ணெய் ஆவி நடுவே நிற்கும் டீசல் எஞ்சின் அந்த ஆவியையே எரிபொருளாக இழுத்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

லீஸ் ரோடு

கிணற்றுக்குப் போகும் காட்டு ரோடுதான் லீஸ் ரோடு. பல இடங்களில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். நுழையும் இடத்துப் பலகையில் ரேடியோ சேனல் போட்டிருக்கும். முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள்: ரோட்டின் பெயர், கிலோமீட்டர் எண், லோடா காலியா. அவ்வளவு போதும். பொதுவாகக் காலி வண்டிதான் ஒதுங்கி லோடு வண்டிக்கு வழிவிடும். ரேடியோ அமைதியாக இருக்கிறது என்பதால் ரோடு காலி என்று ஆகாது. ரேடியோவே இல்லாத பிக்கப்பும் வரும், மூஸ் மானும் வரும்.

லோடு ஏற்றுதல்

1. காற்றின் திசை காட்டும் பையைப் பார்த்து, ஆவி உங்கள் பக்கம் வராதபடி நிறுத்துங்கள். வண்டியின் மூக்கு வெளியேறும் வழியைப் பார்த்திருக்கட்டும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். போனும் லைட்டரும் கேபினிலேயே இருக்கட்டும்.

2. முதல் வேலை எர்த் கேபிள். ஓடும் எண்ணெய் நிலைமின்சாரத்தை உண்டாக்கும். பெயின்ட்டிலோ பனிக்கட்டியிலோ கிளிப்பை மாட்டினால் மின்சாரம் கடக்காது. சுரண்டி வெறும் இரும்பில் கடிக்க விடுங்கள்.

3. எவ்வளவு ஏற்றலாம் என்று கணக்குப் போடுங்கள். 30,000 லிட்டர் இலகு எண்ணெய் ஏறத்தாழ 25 டன். அதே 30,000 லிட்டர் உப்புத் தண்ணீர் 33 டன் வரை போகும். கண்ணளவில் ஏற்றி எடை மேடையில் மாட்டுவது பெரும்பாலும் தண்ணீர் லோடில்தான்.

4. ஹோஸை மாட்டி, கேம்லாக்கின் (ஹோஸை இணைக்கும் பூட்டு) இரண்டு காதுகளையும் மடக்கி, கழலாதபடி பூட்டு ஊசியைச் செருகுங்கள். வாஷர் உள்ளே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குளிரில் விறைத்துக் கழன்று விழுந்திருக்கும். இணைப்புக்குக் கீழே வாளி.

5. ஆவி போகும் வழியைத் திறந்து, லாரி வால்வைத் திறந்து, கடைசியில் கிணற்றுத் தொட்டியின் வால்வை மெதுவாகத் திறங்கள். கசிவு இல்லையென்றால் பம்பை ஓட்டுங்கள். எண்ணெய் விழும் வாய் மூழ்கும்வரை வேகம் குறைவாகவே இருக்கட்டும். ஏறும்வரை கேபினுக்குள் போய் உட்காராதீர்கள்.

6. முடிந்ததும் முதலில் தொட்டி வால்வை மூடுங்கள். ஹோஸில் மிச்சமிருப்பதைப் பம்பே இழுத்துக்கொள்ளட்டும். பிறகு லாரி வால்வு, பம்ப், ஹோஸ், மூடி. எர்த் கேபிளைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும்.

பம்பில் தண்ணீர் தங்கினால் உறைந்து கூட்டையே பிளக்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் வடியுங்கள். உறைந்த வால்வுக்கு நீராவியோ சுடுதண்ணீரோ மட்டுமே. தீப்பந்தம் காட்டும் ஆள் பக்கத்தில் இருந்தால் வேலையை நிறுத்துங்கள்.

திரும்பி வந்து இறக்குதல்

டேங்கின் உள்ளே இருக்கும் தடுப்புகள் முன்பின் அலையைத்தான் அடக்கும், பக்கவாட்டு அலையை அல்ல. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் போட வேண்டாம். அரை லோடு முழு லோடைவிட மோசம். பனியில் நின்ற பிறகும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள், பின்னாலிருந்து வரும் அலை வண்டியை ஒரு முறை தள்ளிப் பார்க்கும்.

இறக்கும்போதும் அதே வரிசைதான்; ஒன்றை மட்டும் இரண்டு முறை பாருங்கள். காற்று உள்ளே வர வெண்ட் திறந்திருக்க வேண்டும். மூடியிருந்து பம்ப் இழுத்தால் டேங்கே தகர டப்பாபோல நசுங்கும்.

இறக்கியாயிற்று என்று 1267 என்ற கச்சா எண்ணெய்க்கான எண் போட்ட எச்சரிக்கைப் பலகைகளைக் கழற்றிவிடாதீர்கள். சுத்தம் செய்யாத காலி டேங்கிலும் ஆவி நிறைந்திருக்கிறது. கழுவும்வரை நான்கு பக்கமும் பலகை இருக்க வேண்டும்.