காது குத்தும் முன் கம்மலைக் கவனியுங்கள்

மதுரை தெற்காவணி மூல வீதியில் கம்மல் வாங்கி, அப்படியே டப்பாவோடு பாண்டி கோவிலுக்கோ அழகர்கோவிலுக்கோ கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் காது குத்துகிறோம். கடையில் எத்தனை கை பட்டதோ, தயவுசெய்து அப்படியே போடாதீர்கள்.

வெந்நீரில் கொதிக்க வைத்தால் பெரும்பாலான கிருமிகள் சாகும், ஆனால் சில பாக்டீரியாக்களின் வித்துகள் 100 டிகிரியைத் தாங்கும். அதனால்தான் ஆஸ்பத்திரிகளில் ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கருவியில் 121 டிகிரி நீராவியில் 15 நிமிடமாவது வைக்கிறார்கள். புதுத் துளைக்கு அந்த அளவு சுத்தம் வேண்டும், எனவே தெரிந்த டாக்டரிடம் கம்மலைக் கொடுத்து ஆட்டோகிளேவ் செய்து தரக் கேளுங்கள், அல்லது கிருமி நீக்கி மூடிய (ஸ்டெரைல்) பாக்கெட்டில் வரும் கம்மலைப் போட்டே குத்தச் சொல்லுங்கள்.

நன்றாக ஆறிய பழைய துளை என்றால் வீட்டிலேயே முடியும். கம்மலையோ மூக்குத்தியையோ திருகாணியோடு சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மரையில் ஒட்டிய அழுக்கைப் பழைய பல் பிரஷால் தேய்த்து, அப்புறம் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். வடிகட்டியில் போட்டு இறக்கினால் திருகாணி தொலையாது. முத்தும் அரக்கு வைத்த கல்லும் கொதிநீருக்கு ஆகாது, அவற்றை சோப்பு போட்டு லேசாகக் கழுவித் துடைத்தால் சரி, ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும்.

புதுத் துளைப் புண்ணிலும் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள், ஆற நாளாகும். மஞ்சளும் எண்ணெயும் கூட வேண்டாம், மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன் என்ற உப்பு நீரே போதும். சீழ் வைத்தால் கம்மலைக் கழற்றாமல் டாக்டரிடம் காட்டுங்கள், கழற்றினால் துளை மூடிச் சீழ் உள்ளேயே தங்கிவிடலாம்.