தெருநாய்களிடமிருந்து ஆடு, கோழிகளைக் காப்பது எப்படி? புதிதாக வளர்ப்பவர்களுக்கு, முதலிலிருந்து

எங்கள் தோட்டம் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு மார்கழி விடியற்காலையில் பட்டியைத் திறக்கப் போனேன், படல் கட்டியது கட்டியபடியே இருந்தது. உள்ளே ஏழு ஆடுகள் செத்துக் கிடந்தன. ஒன்றைக்கூட நாய்கள் தின்னவில்லை, பெரும்பாலானவற்றின் தொடையையும் அடிவயிற்றையும் கடித்துக் குதறிவிட்டுப் போயிருந்தன. வேலியைச் சுற்றி வந்து பார்த்தபோது, வாய்க்கால் ஓரத்தில் கம்பிக்கு அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைப் பறித்திருந்தது தெரிந்தது. ஐந்தடி உயரத்துக்கு வேலி போட்டிருந்தேன், அடியை மட்டும் கவனிக்கவில்லை. இப்போது பத்து ஆடு, பதினைந்து கோழி என்று புதிதாகத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். என் பட்டியில் நடந்தது அவர்கள் பட்டியில் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எது வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஆடு செத்துக் கிடந்தால் உடனே சிறுத்தை என்று ஊரில் பேச்சு கிளம்பிவிடும். நாயின் கடி ஓரிடத்தில் இருக்காது. பின்னங்கால், தொடை, காது, வால், விலா என்று கண்ட இடத்தில் பல் பதிந்திருக்கும், ஒரே இரவில் பல ஆடுகள் போகும், பெரும்பாலும் தின்னாமலே விட்டுவிடும். சிறுத்தை கழுத்தைக் கவ்வும், அநேகமாக ஒன்றை இழுத்துக்கொண்டு போய்விடும். காலடித் தடத்திலும் வித்தியாசம் தெரியும், நாயின் தடத்தில் நகக்குறி பதியும், சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் சாதாரணமாகப் பதியாது.

சாயங்காலம் வேலி ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு மணலோ சாம்பலோ தூவி, விளக்குமாற்றால் நிரவிவிடுங்கள். காலையில் போய்ப் பாருங்கள். எத்தனை நாய், எந்தப் பக்கம் வருகிறது, எங்கே நின்று மோப்பம் பிடித்திருக்கிறது எல்லாம் தெரிந்துவிடும். ஒரு வாரம் இதைச் செய்துவிட்டு அப்புறம் வேலிக்குப் பணம் செலவழியுங்கள், எந்தப் பக்கத்தை முதலில் பலப்படுத்த வேண்டும் என்பது அந்த மணலில் இருக்கும்.

2. இரவில் அடைக்கிற இடம்

தோட்டம் முழுவதுக்கும் வேலி போட வசதி இல்லையென்றால் பரவாயில்லை, இரவில் அடைக்கிற பட்டியையாவது நாய் நுழைய முடியாதபடி செய்துவிடுங்கள். வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் பத்து சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து மூன்றடிக்குச் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்து மறைப்புச் சுவர் எழுப்பி, அதற்கு மேலே கம்பிவலை அடிப்பது நல்லது. ஏன் சுவர் என்றால், வெளியே நாய் சுற்றுவதைப் பார்த்தாலே ஆடுகள் மிரண்டு ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டிக்கொண்ட குட்டிகள் கடி படாமலே மூச்சுமுட்டிச் சாகும். என் ஏழு ஆடுகளில் இரண்டின் உடம்பில் ஒரு பல் தடம்கூட இல்லை.

பரண் (தரைக்கு மேலே உயர்த்திச் சட்டம் அடித்த தளம்) அமைத்து வளர்ப்பவர்கள் அடிப்பக்கத்தைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். சட்டங்களுக்கு இடையில் தொங்கும் காலை நாய் கீழிருந்து கவ்வும். பரணுக்கு அடியில் நாலு பக்கமும் வலை அடித்து, புழுக்கை வாருவதற்கு ஒரு கதவு மட்டும் வையுங்கள்.

3. வேலியின் அடி

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். நாய் ஐந்தடி வேலியைத் தாண்டிக் குதிப்பது உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தலை நுழைகிற சந்து கிடைத்தால் அது குதிக்கவே யோசிக்காது. எங்கள் கொறங்காடுகளில் (மேய்ச்சல் காடுகளில்) தலைமுறை தலைமுறையாக இருக்கிற கிளுவை மர உயிர்வேலி மேலே அடர்த்தியாக இருந்தாலும் தூருக்கும் தூருக்கும் நடுவில் கீழே இடைவெளி விழுந்திருக்கும். மாடு தாண்டாமல் இருக்க அது போதும், நாய்க்குப் போதாது. அந்தச் சந்துகளில் வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) முள்ளை வெட்டி நெருக்கமாக அடையுங்கள், மழைக்கும் கறையானுக்கும் முள் சிதைந்துவிடும், அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது புது முள் வைக்க வேண்டும்.

கம்பிவலை போடுகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள்:

- கல்லுக்கால்களை எட்டடிக்கு ஒன்றாக நடுங்கள். இடைவெளி கூடினால் வலை தொய்யும், தொய்ந்த இடத்தில் நாய் மூக்கைக் கொடுத்துத் தூக்கும்.
- வலையின் கண் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.
- வலை தரையைத் தொட்டால் மட்டும் போதாது. இரண்டடி அகலத்தில் தனியாக ஒரு வலைப் பட்டையை வேலியின் அடியோடு கட்டுக்கம்பியால் பிணைத்து, வெளிப்பக்கமாகத் தரையில் விரியுங்கள். அதன்மேல் கல் அடுக்கி, நாலு அங்குலம் மண் போட்டு மிதித்துவிடுங்கள்.

நாய் எப்போதும் வேலியை ஒட்டி நின்றுதான் மண்ணைப் பறிக்கும். பறித்ததும் நகத்தில் கம்பி தட்டும், இரண்டடி பின்னால் போய்ப் பறித்தால் உள்ளே வரலாம் என்பது அதற்குத் தோன்றாது. பட்டையை உள்பக்கம் விரித்தால் இந்தப் பயன் கிடைக்காது.

அப்புறம் கதவு. மழையில் கதவுக்குக் கீழே மண் கரைந்து ஒரு பள்ளம் விழும், நாம் தினமும் அதைத் தாண்டிப் போவதால் கண்ணில் படாது. அங்கே ஒரு பலகைக்கல்லைப் பதித்துவிடுங்கள். வாய்க்கால் வேலியைக் கடக்கிற இடத்தில் தண்ணீர் போகிற மாதிரி இரும்புக் கம்பிச் சட்டம் வைத்து அடையுங்கள். என் பட்டியில் நாய் வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

4. கோழிக்கு வேறு கணக்கு

கடையில் கோழிவலை என்று விற்கிற மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்க மட்டும்தான். நாய் பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். ஓர் அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள், கொஞ்சம் கூடுதல் விலைதான், ஆனால் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியதில்லை. கதவுக்குக் கயிறு கட்டாதீர்கள், கொண்டி வைத்துப் பூட்டுங்கள். குஞ்சுகளைக் கொடாப்பில் (மூங்கில் கூடையில்) கவிழ்த்து வைக்கிறவர்கள் பகலில் மேலே ஒரு கனமான கல்லை வையுங்கள், இரவில் கொடாப்போடு வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

5. மேய்ச்சலில்

ஆட்டை முளைக்குச்சியில் கட்டி மேயவிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். அவிழ்த்துவிட்ட ஆடு ஓடியாவது பிழைக்கும், கட்டின ஆடு கயிற்றின் நீளத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து மாட்டிக்கொள்ளும். நிறைசினை ஆடுகளையும் இளங்குட்டிகளையும் வீட்டுக்குக் கண் எட்டுகிற தூரத்தில் வையுங்கள், நாய் துரத்தினாலே, கடிக்கவே வேண்டாம், சினை ஆடு குட்டி விசிறிவிடும் (கருச்சிதைவு ஆகிவிடும்). இருட்டுவதற்கு முன் எண்ணி அடைத்துவிட வேண்டும்.

6. விளக்கு, மின்வேலி

ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற சோலார் விளக்கு முதல் சில நாட்கள் வேலை செய்யும், பிறகு நாய்களுக்குப் பழகிவிடும். இடம் மாற்றி மாற்றி வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

சூரியசக்தி மின்வேலி நல்ல காவல். விட்டுவிட்டுத்தான் அதிர்ச்சி கொடுக்கும், உயிருக்கு ஆபத்து இல்லாதபடி அமைத்திருப்பார்கள். நாய்க்கு என்றால் முதல் கம்பி தரையிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் விசை குறைந்துவிடும், அதனால் அடிக்கடி செதுக்க வேண்டும். மானியம் உண்டா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக்குக் கொடுப்பதை மட்டும் ஒருக்காலும் செய்யாதீர்கள். அது குற்றம். ராத்திரி தண்ணீர் கட்டப் போகிற மனிதர்களே அதில் செத்திருக்கிறார்கள்.

7. பக்கத்து வீட்டு நாய்

தெருநாய் என்று நாம் சொல்கிறவற்றில் பாதிக்குச் சொந்தக்காரர் இருப்பார். பகலில் வாசலில் படுத்திருக்கும், ராத்திரி சங்கிலியைக் கழற்றிவிட்டதும் மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும். தனியாக இருக்கும்போது குட்டிகளை நக்கிக்கொண்டிருந்த நாய்கூட நாலாகச் சேர்ந்தால் துரத்தும், கடிக்கும். இதை அதன் சொந்தக்காரர் நம்ப மாட்டார். "எங்க நாய் அப்படியெல்லாம் பண்ணாதுங்க" என்பார், அவர் பார்த்தவரைக்கும் அது உண்மையும்கூட.

அதனால் ஆடு சாவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். செத்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றால் சண்டைதான் வரும். நான் இப்போது புதிதாக நாய் வளர்க்கிறவர் யாரைப் பார்த்தாலும், "அண்ணா, எங்க பட்டி பக்கத்திலேயே இருக்குதுங்க, ராத்திரி மட்டும் கட்டிப்போட்டுருங்க, தடுப்பூசி போடப் போகும்போது சொல்லுங்க, நானும் என் நாயைக் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிடுகிறேன். சொன்னவர்களில் பெரும்பாலானோர் கேட்டார்கள். கேட்காதவர்களுக்கு ஒன்று, தன் வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வராமல் பார்த்துக்கொள்ளாத அலட்சியம் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 291வது பிரிவில் குற்றம், அதைக் கோபமில்லாமல் எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்று கழிவு. கோழிப்பண்ணைகளில் செத்த கோழிகளையும் கறிக்கடைக் கழிவையும் ஏரிக்கரையிலும் ரோட்டோரத்திலும் வீசுகிறார்கள். நாய்கள் அங்கேதான் கூட்டம் சேர்கின்றன, ஒரு நாள் கழிவு வராவிட்டால் பக்கத்துப் பட்டிக்கு வரும். நம் வீட்டில் செத்த கோழியையும் குட்டி போட்டபின் விழுகிற நஞ்சுக்கொடியையும் நாமே வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு ஊரைக் குறை சொல்லக் கூடாது. மூன்றடிக்குக் குறையாமல் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். வெளியிலிருந்து கொட்டுகிறவர்களைப் பற்றி ஊராட்சியில் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷம் வைக்கிற யோசனை எல்லோருக்கும் ஒரு முறை வரும், எனக்கும் அந்த மார்கழியில் வந்தது. வேண்டாம். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். மயில், கீரி, காக்கை, உங்கள் காவல் நாய் எல்லாம் அதைத் தின்னும். 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு, செய்தபின் பிடித்த இடத்திலேயே விடுவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாய்க்குட்டிகள் பெருகுவது குறையும், ஆனால் ஆட்டைக் கடித்துப் பழகிய நாய் ஆட்டை மறக்காது. மனு கொடுங்கள், வேலியையும் போடுங்கள்.

8. காவலுக்கு ஒரு நாய்

நல்ல நாட்டு நாய்க்குட்டியை எட்டு வாரத்தில் கொண்டுவந்து ஆட்டுக்குட்டிகளோடு பட்டியிலேயே வளருங்கள். கூட்டமாக நாய்கள் வந்தால் ஒற்றை நாயால் தடுக்க முடியாது, ஆனால் குரைத்து உங்களை எழுப்பிவிடும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடாவருடம். தவறவிடாதீர்கள்.

9. கடித்துவிட்டால்

முதலில் நாய்களை விரட்டிவிட்டு ஆடுகளை எண்ணுங்கள். நின்றுகொண்டிருக்கிற ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், மயிருக்கு அடியில் பல் பதிந்த சின்ன ஓட்டை இருக்கும், வெளியே தெரியாது, உள்ளே ஆழமாகப் போயிருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஆட்டையும் தடவிப் பாருங்கள், காயத்தைச் சுற்றி மயிரைக் கத்தரியுங்கள்.

சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், பதற்றத்தில் இரண்டு நிமிடமே ரொம்ப நேரம் மாதிரி இருக்கும். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி போடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய் எதையும் அப்பாதீர்கள், துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், கொண்டுபோக முடியாவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழையுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி கடிபட்ட நாள், 3, 7, 14, 28 என்று வரிசையாகப் போடுவார்கள். காயம் ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. ஈ மொய்த்துப் புண்ணில் புழு வைக்கும், தினமும் பாருங்கள்.

கடிபட்ட ஆட்டை அவசரமாகக் கறிக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். வெறிநோய் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கழித்தும் வரும். ஆட்டின் குரல் மாறினால், எச்சில் ஒழுகினால், தீவனம் தின்னாமல் தள்ளாடினால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். தனியாகக் கட்டி மருத்துவரைக் கூப்பிடுங்கள், பாலைப் பயன்படுத்த வேண்டாம். விரட்டும்போது உங்களை நாய் கீறியிருந்தாலும், கையில் இருந்த காயத்தில் எச்சில் பட்டிருந்தாலும், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள்.

10. செத்த ஆட்டைப் புதைப்பதற்கு முன்

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்து போராடிய பிறகு, தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கு இழப்பீடு தர 2025ல் தமிழக அரசு முடிவெடுத்தது. கேட்பதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். உடலை நகர்த்துவதற்கு முன் கடித்த இடம் தெரிகிற மாதிரி, காதுவில்லை (காதில் மாட்டிய அடையாள எண் வில்லை) தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். கால்நடை மருத்துவர் வந்து பரிசோதித்துச் சான்று தரும்வரை புதைக்காதீர்கள், கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லுங்கள். மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். காப்பீடு செய்திருந்தால் காதுவில்லை இல்லாமல் பணம் வராது, வில்லை கழன்று விழுந்திருந்தால் உயிரோடு இருக்கும்போதே போய் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

நான் எதையும் படம் எடுக்காமல், மனசு தாங்காமல் அன்று காலையிலேயே ஏழையும் புதைத்துவிட்டேன். இப்போது மருந்தக எண், 1962, கிராம நிர்வாக அலுவலர் எண் மூன்றையும் பட்டிச் சுவரில் பெயிண்டால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் முதல் ஆட்டை வாங்கிக் கட்டுகிற அன்றைக்கே எழுதிவிடுங்கள்.