குளத்துக் கணக்கில் நுரையீரல்: எக்செலில் ஒரு சின்ன மாதிரி

அணு உலைக் குழாயைப் பழுது பார்க்கிறவர் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் கலந்த தூசியைச் சுவாசித்துவிட்டார். அது நெஞ்சுக்குள் எத்தனை நாள் இருக்கும்? எக்செலிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு பழகியதுதான். முத்தண்ணன் குளம் நிரம்பினால் செல்வசிந்தாமணி, அங்கிருந்து உக்கடம் பெரியகுளம், அப்புறம் வாலாங்குளம். நுரையீரலையும் இப்படி அடுத்தடுத்த குளங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். மதகு வழியே போவது ஒரு கணக்கு, வெயிலில் ஆவியாவது இன்னொரு கணக்கு. கதிரியக்கச் சிதைவு, அதாவது அணுக்கள் தானாகவே சிதைந்து குறைவது, ஆவியாவதைப் போல. எந்தக் குளமானாலும் ஒரே வீதம்.

படி 1: தூசியின் அளவு. நூல் மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமில் வேலை முடித்து வருகிறவர் மூக்கைச் சிந்தினால் பஞ்சு வரும். பெரிய துகள் அங்கேயே சிக்கிவிடும், பொடித்துகள்தான் ஆழத்துக்குப் போகும். தொழிலாளர்களுக்கு, அளவு தெரியாதபோது, 5 மைக்ரான் என்று வைத்துக்கொள்வது வழக்கம். நாம் நேராக நுண்ணறையில் (நுரையீரலின் ஆழத்திலுள்ள குட்டிக் காற்றுப்பைகளில்) 1000 பெக்கரல் (நொடிக்கு 1000 சிதைவு) படிந்ததாக வைத்துத் தொடங்குவோம்.

படி 2: மதகுகள். பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் வெளியிட்ட மாதிரிப்படி, நுண்ணறையிலிருந்து மூச்சுக்குழல் பக்கம் நாளுக்கு 0.002 பங்கு ஏறும். அது தொண்டைக்கு வந்து விழுங்கப்பட்டு வயிற்றுக்குப் போகும். 0.001 பங்கு நுண்ணறைச் சுவருக்குள் இறங்கும். மெதுவாகக் கரைகிற வகை என்பதால் ரத்தத்துக்கு 0.0001 மட்டும். கோபால்ட்-60-ன் அரை ஆயுள் 5.27 வருடம், அதாவது 1925 நாள், 0.693-ஐ (2-ன் இயல் மடக்கை) அதால் வகுத்தால் சிதைவு நாளுக்கு 0.00036. மொத்தம் 0.00346.

சுவருக்குள் போனதற்கு வழி குறைவு. ரத்தத்துக்கு 0.0001, நிணநீர் முடிச்சுக்கு 0.00003, சிதைவு 0.00036. மொத்தம் 0.00049.

படி 3: எக்செல். ஏ வரிசையில் நாள் (ஏ2-ல் 0), பி-யில் நுண்ணறை, சி-யில் சுவர். பி2-ல் 1000, சி2-ல் 0. பிறகு:

பி3: =பி2*(1-0.00346)
சி3: =சி2*(1-0.00049)+பி2*0.001

(கட்டங்களின் பெயரை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) இரண்டையும் ஆயிரம் வரிக்குக் கீழே இழுத்துவிடுங்கள்.

200-ம் நாள் நுண்ணறையில் 500 இருக்கும், சுவரில் 137. சரி, பாதி ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். 1000-ம் நாளுக்குப் போங்கள்: நுண்ணறையில் 31தான், சுவரிலோ 196. மேல்குளம் வற்றியபின் கீழ்குளம் தளும்புகிறது. முதல் தடவை போட்டபோது சி வரிசையில் சிதைவைக் கழிக்க மறந்துவிட்டேன், இந்த எண் எகிறிப்போனது. அதனால் ஒரு சோதனை: இரண்டிலிருந்தும் வெளியே போனதையும் சிதைந்ததையும் டி வரிசையில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்த நாளிலும் மூன்றின் கூட்டு 1000 வர வேண்டும்.

படி 4: வேகமாகக் கரைகிற வகையைப் போட்டுப் பார்க்க ஆசை வரும். அந்த வகைக்கு ரத்தத்துக்கான பொதுவான வீதம் நாளுக்கு 30. அதை அப்படியே பி3-ல் போட்டால் ஏறக்குறைய மைனஸ் 29,000 பெக்கரல் காட்டும்! ஒரு வரிக்கு ஒரு நாள் என்பது அதற்கு ரொம்ப நீளம். ஒரு வரியை ஒரு நிமிடமாக்கி, எல்லா வீதத்தையும் 1440-ஆல் வகுத்துவிடுங்கள். 30 என்பது 0.0208 ஆகிவிடும்.